பழைய நகையில் புறா: படிப்படியாகப் பார்த்துப் பொருள் காண ஒரு கையேடு

பறவை உருவம் உள்ள பழைய பதக்கமோ, உடையில் ஊசியால் குத்தும் புரூச்சோ விற்பனைக்கு வந்தால் கூடவே இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு வரும்: "பரிசுத்த ஆவி", "விக்டோரியன்". இரண்டில் ஒன்றாவது தப்பாக இருப்பது சகஜம். ஐரோப்பியப் பழநகைகளில் உள்ள புறாக்களில் பல காதல் பரிசுகள். மீதியில் சில, யாரோ செத்ததற்காக அணிந்த துக்க நகைகள். சில ரோமாபுரிக்குப் போய்வந்த பயணிகள் வாங்கிய நினைவுப்பொருட்கள். பக்தி நகை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை அதற்குப் பிறகுதான் வரும்.

எது எது என்று பிரிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பறவை, பிறகு அதன் தலை போகும் திசை, அலகில் உள்ள பொருள், கூட இருக்கும் உருவங்கள், பின்பக்கம், முத்திரை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முத்திரையைத் தேடிப் பிடித்து வருடத்தைச் சொல்லிவிட்டு, பொருளைக் கற்பனையால் நிரப்பிவிடுகிறார்கள். முத்திரை உலோகத்தைப் பற்றித்தான் பேசும், புறாவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தேவையான சாமான் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், வெர்னியர் காலிப்பர், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, சிறிய புறஊதா டார்ச், மென்மயிர்த் தூரிகை, வெள்ளைப் பருத்தித் துணி. உரைகல் வேண்டாம். பழைய பொருளை உரைத்துப் பார்ப்பது நம் பட்டறைப் பழக்கம். ஆனால் உரைத்த தடம் போகாது, விலையும் அந்தத் தடத்தோடு இறங்கும்.

முதல் படி: அது புறாதானா?

வாலைப் பாருங்கள். விசிறி போல விரிந்த வால் என்றால் புறாவாக இருக்கலாம். கத்தரி போலப் பிளந்த வால் என்றால் அது தகைவிலான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஏராளமாகச் செய்யப்பட்ட அந்தப் பறவைக்கும் பரிசுத்த ஆவிக்கும் சம்பந்தமில்லை. அலகு வளைந்து, நகங்கள் பெரிதாக இருந்தால் கழுகு. அது யோவான் சுவிசேஷகரின் அடையாளமாகவும் இருக்கும், வெறும் அரச சின்னமாகவும் இருக்கும்.

அதிகம் குழப்புவது பெலிக்கன். கழுத்தை வளைத்துத் தன் நெஞ்சைத் தானே கொத்திக்கொண்டு, கீழே குஞ்சுகள் வாயைத் திறந்து நிற்கும். தன் ரத்தத்தால் குஞ்சுகளை வளர்க்கிறது என்ற பழைய நம்பிக்கையில் இருந்து கிறிஸ்துவின் பலிக்கு அடையாளமாக வந்தது. தேய்ந்த நகையில் குஞ்சுகள் மழுங்கிப் போயிருக்கும், வளைந்த கழுத்து மட்டும் தெரியும். அதைப் புறா என்று எழுதி விற்பது வழக்கமாக நடக்கும் தவறு. நெஞ்சில் ஒரு சிவப்புக் கல்லோ சிவப்பு எனாமல் புள்ளியோ இருக்கிறதா என்று லூப்பில் தேடுங்கள்.

இரண்டாம் படி: தலை எந்தப் பக்கம் போகிறது?

இந்தக் கையேட்டில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

தலை நேராகக் கீழே, வால் மேலே, இரண்டு சிறகும் இரு பக்கமும் சமமாக விரிந்திருந்தால் அது இறங்கி வரும் புறா. நான்கு சுவிசேஷங்களும் இயேசுவின் ஞானஸ்நானத்தில் ஆவியானவர் புறாவைப் போல இறங்கினார் என்கின்றன. லூக்கா 3:22 இன்னும் ஒரு படி போய் "ரூபங்கொண்டு" என்கிறது. கலைஞர்கள் அந்த இறக்கத்தை வரைய நேரே மேலிருந்து கீழே விழும் ஒரு சமச்சீர் வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தப் பறவையும் இப்படிப் பறப்பதில்லை. நகையில் இந்த வடிவம் இருந்தால் அது பரிசுத்த ஆவி என்பதில் சந்தேகம் மிகக் குறைவு.

சென்னையில் இருப்பவர்கள் இதைக் கல்லில் பார்க்கலாம். பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் 1547-இல் கண்டெடுத்த பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துச் சிலுவையின் உச்சியில், தலைகீழாக இறங்கும் புறா செதுக்கப்பட்டிருக்கிறது.

பக்கவாட்டில் பறக்கும் புறா வேறு கதை. அது பெரும்பாலும் நோவாவின் புறா, அல்லது காதல் தூது. ஆதியாகமம் 8:11-இல் ஒலிவ இலையோடு திரும்பி வரும் அந்தப் புறா, வெள்ளம் வடிந்ததையும் கடவுளின் சமாதானத்தையும் குறித்தது. ஆதிக் கிறிஸ்தவர்களின் ரோமக் கல்லறைகளில் கிளையோடு வரும் புறாவுக்கு இறந்தவரின் ஆன்மா சமாதானத்தில் இருக்கிறது என்ற பொருளும் சேர்ந்தது.

மேல்நோக்கிப் பறந்தால் ஆன்மா. தன் சகோதரி ஸ்கொலஸ்திக்காவின் ஆன்மா புறாவாக விண்ணேறியதைப் புனித பெனடிக்ட் கண்டார் என்பது பெனடிக்டைன் சபையினர் அனைவரும் அறிந்த மரபு. துக்க நகைகளில் வரும் புறாவுக்குச் சங்கீதம் 55:6-உம் துணை நிற்கிறது: "எனக்குப் புறாவைப்போல் சிறகுகள் இருந்தால், நான் பறந்துபோய் இளைப்பாறுவேன்."

சிறகை மடக்கி உட்கார்ந்திருக்கும் ஜோடிப் புறா, ஒன்றையொன்று கொத்திக் கொஞ்சுவதாக இருந்தால், பக்தி என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிடலாம். அது ரோமர்களின் காதல் தேவதை வீனஸின் பறவை. பக்கத்தில் அம்பறாத்தூணி, தீப்பந்தம், வில் இருந்தால் கேள்வியே இல்லை. 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மோதிரங்களிலும் பொத்தான்களிலும் இது நிறைய வரும்.

ஒரு எச்சரிக்கை: புரூச்சைப் பதக்கமாகவும் பதக்கத்தைப் புரூச்சாகவும் மாற்றியிருப்பார்கள். அப்போது புறாவின் திசையும் மாறிவிடும். பக்கவாட்டில் பறந்த புறாவுக்கு வாலில் வளையம் பற்றவைத்தால் அது தலைகீழாகத் தொங்கி, ஒரே நாளில் பரிசுத்த ஆவியாகிவிடும். ஆகவே வளையம் நகையோடு பிறந்ததா, பிறகு ஒட்டியதா என்பதை ஐந்தாம் படியில் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

மூன்றாம் படி: அலகில் என்ன?

ஒலிவக் கிளை என்றால் நோவா அல்லது சமாதானம். இலைகள் நீண்டு ஒல்லியாக, காம்பின் இரு பக்கமும் எதிரெதிராக இருக்கும்.

ஐந்து இதழ் கொண்ட சின்ன நீலப் பூ இருந்தால் அது ஃபர்கெட்-மீ-நாட். "மறவாதே" என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. 1840, 50-களின் ஆங்கிலக் காதல் நகை அது. அலகில் இதயம், சாவி, கடிதம் தொங்கினாலும் அதே வகைதான்.

சிறு குப்பி இருந்தால் நின்று பாருங்கள். பிராங்க் மன்னர் குளோவிஸ் ரெய்ம்ஸ் நகரில் ஞானஸ்நானம் பெற்றபோது ஒரு புறா விண்ணிலிருந்து அபிஷேக எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்தது என்பது பிரெஞ்சு மரபு. அந்தக் குப்பியிலிருந்துதான் பிரெஞ்சு மன்னர்களுக்கு அபிஷேகம் நடந்தது. 1793-இல் புரட்சிக்காரர்கள் அதை வெளிப்படையாக உடைத்தார்கள். குப்பிப் புறா அரச பக்தியும் மத பக்தியும் கலந்த சின்னம். அபூர்வமாகத்தான் கைக்கு வரும்.

பூங்கொத்தோ வண்ணக் கற்கள் பதித்த தொங்கலோ இருந்தால், பிரெஞ்சு மாகாணங்களின் சாந்தெஸ்ப்ரி பதக்கமாக இருக்கலாம். அதற்குத் தனியாக வருகிறோம்.

நான்காம் படி: கூட யார் இருக்கிறார்கள்?

தலையைச் சுற்றி ஒளிவட்டம், அந்த வட்டத்துக்குள் சிலுவைக் கோடுகள் என்றால் விவாதம் முடிந்தது. சிலுவை ஒளிவட்டம் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமே போடுவது. வெறும் ஒளிவட்டமோ கதிர்களோ அவ்வளவு உறுதியான சாட்சி இல்லை. கதிர்களை எண்ணிப் பாருங்கள். ஏழு என்றால் ஏசாயா 11-இலிருந்து எடுத்த ஆவியின் ஏழு வரங்களைக் குறிப்பதாக இருக்கலாம். பன்னிரண்டுக்கு மேல் போனால் எண்ணிக்கைக்குப் பொருள் தேட வேண்டாம், அது அலங்காரம்.

புறாவோடு பாம்பு இருந்தால் மத்தேயு 10:16. பாம்பைப் போல வினா, புறாவைப் போலக் கபடின்மை. ஒரு கூண்டில் இரண்டு புறா இருந்தால் ஆலயத்தில் குழந்தையை ஒப்புக்கொடுத்த காட்சியாக இருக்கலாம், லூக்கா 2:24.

புனிதர் பதக்கங்களில் புறா காதருகே இருந்தால் பாப்பரசர் பெரிய கிரகோரி. வயதான ஆண் ஒருவரின் கைக்கோலின் நுனியில் உட்கார்ந்தால் சூசையப்பர்.

எண்களில் ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று. கிரேக்கத்தில் புறாவுக்குப் பெயர் பெரிஸ்தெரா. அதன் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 801 வரும். கிறிஸ்துவைக் குறிக்கும் கிரேக்க முதல் எழுத்து ஆல்ஃபா 1, கடைசி எழுத்து ஒமேகா 800, அதுவும் 801. இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்தக் கணக்கு புழக்கத்தில் இருந்தது. புறாவோடு ஆல்ஃபா, ஒமேகா எழுத்துகள் சேர்ந்து வரும் பழைய பொருளைப் பார்த்தால் நினைவில் வரட்டும். அந்தக் காலத்தை ஒட்டியே அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ ஆசிரியர் கிளெமென்ட், கிறிஸ்தவர்கள் முத்திரை மோதிரத்தில் பொறிக்கத் தக்கவை என்று புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவற்றைச் சொன்னார். கிறிஸ்தவ நகையில் புறாவுக்கு அவ்வளவு பழைய அனுமதிச்சீட்டு.

மூன்று வகைகள், கிட்டத்தில்

சாந்தெஸ்ப்ரி. பெயருக்குப் பொருளே பரிசுத்த ஆவி. நம் பழைய கத்தோலிக்கப் பாட்டிகள் "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து" என்று சிலுவை போட்டார்களே, போர்த்துக்கீசிய வழியில் வந்த அதே சொல். பிரான்சில் நார்மண்டி, ஓவெர்ன், சவோய் பகுதிகளின் பெண்கள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கழுத்தில் ரிப்பனில் கோத்து அணிந்த பதக்கம் இது.

நார்மண்டி வகையை மேசையில் வைத்தால் இப்படி இருக்கும். மேலே ரிப்பன் முடிச்சு போலவோ பொத்தான் போலவோ ஒரு துண்டு. அதிலிருந்து சின்ன வளையத்தில் புறா தலைகீழாகத் தொங்கும். அலகிலிருந்து இன்னொரு வளையத்தில் கொத்து தொங்கும். துண்டுகள் தனித்தனியாக ஆடும். நடக்கும்போது மின்னுவதற்காகத்தான் அப்படி. வெள்ளி அல்லது தங்கம். உடல் முழுக்கக் கல், கல்லுக்குப் பின்னால் ரேக்கு என்ற மெல்லிய உலோகத் தகடு வைத்த குளோஸ் செட்டிங், அதாவது பின்பக்கம் மூடிய கட்டு. கொத்தில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிக் கற்கள் இருக்கலாம். ஓவெர்ன் வகையில் கல்லைவிட எனாமலுக்கு இடம் அதிகம்.

இந்தக் கற்கள் வைரமில்லை. ஒன்று, ரைன் நதிக்கூழாங்கல் என்று அழைக்கப்பட்ட ஸ்படிகம். இரண்டு, ஸ்ட்ராஸ் என்ற ஈயக் கண்ணாடி. ஸ்ட்ராஸ்பூர்க் அருகே பிறந்து பாரீசில் கடை வைத்த ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஸ்ட்ராஸின் பெயர்தான் அதற்கு. 1734-இல் அவர் மன்னரின் நகை வணிகராக நியமிக்கப்பட்டார். பிரித்தறிவது சுலபம். ஸ்படிகம் கெட்டி, கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7, பட்டைகளின் விளிம்பு இன்னும் கூர்மையாக நிற்கும், கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். ஈயக் கண்ணாடி மெது, விளிம்புகள் தேய்ந்து சவுக்காரக் கட்டி போல உருண்டிருக்கும், உள்ளே நுண்குமிழி தெரியலாம். 18-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிக் கல்லை நேர் மேலே இருந்து லூப்பில் பார்த்தால் நடு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். வைரத்தின் அடிமுனை போலத் தோன்ற வண்ணத்தால் வைத்த புள்ளி அது. பார்த்தால் சந்தோஷப்படுங்கள், மாற்றாத கல் என்பதற்கு நல்ல அறிகுறி.

சாந்தெஸ்ப்ரி என்ற பெயரில் இன்னொரு பொருளும் உண்டு, இரண்டையும் குழப்ப வேண்டாம். மன்னர் மூன்றாம் ஹென்றி 1578 டிசம்பர் 31-இல் நிறுவிய வீரர் அமைப்பின் சின்னம் அது. போலந்தின் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் பிரான்சின் அரியணை கைக்கு வந்ததும் பரிசுத்த ஆவி இறங்கிய திருநாளான பெந்தெகொஸ்தே சமயத்தில் என்பதால் பரிசுத்த ஆவியின் பெயரை வைத்தார். எட்டு முனைச் சிலுவை, முனைகளில் குமிழ், கைகளுக்கு இடையே லில்லிப் பூக்கள், நடுவில் தலைகீழ்ப் புறா, நீல ரிப்பன். இது பிரபுக்களுக்கு உரியது, கிராமத்துப் பெண்ணின் கழுத்துக்கு வரவில்லை.

ஹியூகனோ சிலுவை. ஹியூகனோ என்றால் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள். மேலே சொன்ன அதே வடிவம்தான்: எட்டு முனை, குமிழ்கள், லில்லிப் பூக்கள். புறா மட்டும் நடுவில் இல்லை, கீழே ஒரு வளையத்தில் தொங்குகிறது. கத்தோலிக்க மன்னரின் சின்னத்தை ஒத்த ஒன்றை, அந்த அரசமரபு ஒடுக்கிய புராட்டஸ்டண்டுகள் அணிந்தார்கள் என்பதுதான் இதன் ருசி. அவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் அரசாணையை 1685-இல் பதினான்காம் லூயி ரத்து செய்தார். 1688 வாக்கில் நீம் நகரின் மேஸ்த்ர் என்ற பொற்கொல்லர் இந்த வடிவைச் செய்ததாகச் சொல்வது மரபு.

இதற்கு இன்று கொடுக்கும் விளக்கம் ரொம்பக் கச்சிதமாக இருக்கும்: எட்டு முனை எட்டுப் பாக்கியவசனங்கள், நான்கு லில்லி நான்கு சுவிசேஷங்கள், அவற்றின் பன்னிரண்டு இதழ் பன்னிரண்டு அப்போஸ்தலர். அழகான விளக்கம்தான், ஆனால் 17-ஆம் நூற்றாண்டுப் பட்டறைக்காரர் மனதில் இத்தனையும் இருந்தது என்று விலைச்சீட்டில் எழுதக் கூடாது. வடிவம் முதலில் வந்தது, விளக்கம் பிறகு வளர்ந்தது.

பழைய சிலுவைகளில் புறாவுக்குப் பதில் துளி வடிவத் தொங்கல் இருப்பதும் உண்டு. துளியைக் கண்ணீர் என்பார்கள். துளி தொலைந்துபோய்ப் பின்னாளில் புறா மாட்டிய சிலுவைகள் சந்தையில் உண்டு, புறாவுக்குத்தானே கிராக்கி. இந்தச் சிலுவை இன்றும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் அணியும் உயிருள்ள சின்னம். 20-ஆம் நூற்றாண்டில் நிறையச் செய்திருக்கிறார்கள். புதியது என்பதில் குற்றம் இல்லை. பழையது என்று சொல்லி விற்பதில்தான் குற்றம்.

ரோமாபுரிப் புறாக்கள். ஒரு பாத்திரத்தின் விளிம்பில் நான்கு புறாக்கள், ஒன்று தண்ணீர் குடிக்கிறது. சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த நுண்மொசைக் புரூச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. மூலம் திவோலியில் ஹாட்ரியன் பேரரசரின் மாளிகையில் 1737-இல் கிடைத்த தரை மொசைக், இப்போது ரோமில் கேபிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெர்கமோனின் சோசஸ் செய்த மொசைக்கில் இப்படியொரு புறா குடிப்பதைப் பழைய ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஆகவே பெயர் பிளினியின் புறாக்கள். இது பேகன் காட்சி, கிறிஸ்தவக் காட்சி இல்லை. வாங்கிய கிறிஸ்தவப் பயணி இதில் ஜீவத்தண்ணீர் அருந்தும் ஆன்மாக்களைப் பார்த்திருக்கலாம். பாத்திரத்தில் குடிக்கும் பறவைகளை ஆதிக் கிறிஸ்தவக் கலையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் பட்டறை செய்தது சுற்றுலாப் பொருள். மேலே சிலுவையோ கிறிஸ்துவின் பெயர்க்குறியோ சேர்ந்திருந்தால் மட்டும் பக்தி நகை என்று எழுதுங்கள்.

டர்க்காய்ஸ் என்ற நீலக் கல் பதித்த ஆங்கிலக் காதல் புறாவுக்கு, ஃபர்கெட்-மீ-நாட் பற்றி மூன்றாம் படியில் சொன்னது போதும். ஒன்று மட்டும்: அதன் நெஞ்சுக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி மூடி இருந்தால், உள்ளே தலைமுடி இருந்திருக்கிறது. முடியோடு கறுப்பு எனாமலோ இறந்த தேதியோ இருந்தால் துக்க நகை. முடி மட்டும் இருந்தால் காதலாகவும் இருக்கலாம்.

ஐந்தாம் படி: திருப்பிப் போடுங்கள்

நகையின் முன்பக்கம் விற்பவருக்கு, பின்பக்கம் வாங்குபவருக்கு.

வளையங்களில் இருந்து தொடங்குங்கள். நூறு வருடம் தொங்கியாடிய பதக்கத்தில் வளையமும் வளையமும் உராயும் இடம் அரைபட்டுக் கண்ணிமை போல மெலிந்திருக்கும். மேல் வளையம் மெலிந்து, புறாவின் வளையம் உருண்டையாகப் புதிதாக இருந்தால் புறா பிறகு வந்தது. காலிப்பரில் இரண்டு வளையத்தின் கம்பிக் கனத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

தேய்மானம் எங்கே என்று பாருங்கள். துணியில் உராயும் பின்பக்கமும் துருத்தி நிற்கும் நெஞ்சும் சிறகு நுனியும் தேய வேண்டும். பள்ளங்கள் தேயக் கூடாது. பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே மழுக்கம் இருந்தால் அது அச்செடுத்த வார்ப்பு. வார்ப்பு நகலில் இறகுக் கோடுகள் வெண்ணெயில் கீறியது போலத் தெரியும், லூப்பில் ஊசிமுனைக் குழிகளும் தெரியும். உளியால் வெட்டிய கோடு விளிம்பில் பளிச்சென்று நிற்கும்.

சாம்பல் நிறப் பற்று கண்ணில் பட்டால் அது ஈயப்பற்று. யாரோ அவசரத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள். இந்த நகையை எந்தப் பட்டறையிலும் ஊதுகுழல் நெருப்பில் காட்ட விடாதீர்கள். சூட்டில் ஈயம் தங்கத்துக்குள்ளும் வெள்ளிக்குள்ளும் ஊறி உலோகத்தையே அரித்துக் குழியாக்கிவிடும். முதலில் ஈயத்தை முழுவதும் எடுத்த பிறகே பற்றவைக்க வேண்டும். லேசர் பற்று கிடைத்தால் அதுவே நல்லது.

புரூச்சின் ஊசி உடலின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு, மாட்டும் கொக்கி வெறும் அரைவட்டமாக இருந்தால் 19-ஆம் நூற்றாண்டுப் பழக்கம். சுழன்று பூட்டும் பாதுகாப்புக் கொக்கி 20-ஆம் நூற்றாண்டுக்குரியது. கொக்கியை மட்டும் மாற்றியிருப்பதும் சாதாரணம், அதன் அடியில் பழைய பற்றின் வடு தெரியும்.

புறஊதா டார்ச்சை இருட்டறையில் அடியுங்கள். கல்லின் ஓரத்தில் நீலவெள்ளையாகப் பளபளத்தால் இக்காலத்துப் பசை, கல் மாற்றியிருக்கிறார்கள்.

டர்க்காய்ஸ் ஒரு விஷயத்தில் நேர்மையான கல். வியர்வை, எண்ணெய், சோப்பு எல்லாம் குடித்துப் பச்சையாக மாறும், ஆனால் எல்லாக் கல்லும் ஒரே அளவில் மாறாது. முப்பது கல் பதித்த பழைய புறாவில் நீலம், நீலப்பச்சை, ஒன்றிரண்டு பாசிப்பச்சை என்று கலந்திருப்பதுதான் இயற்கை. முப்பதும் ஒரே வானநீலமாகச் சிரித்தால் கண்ணாடியாக இருக்கலாம், சாயமேற்றிய வெள்ளைக்கல்லாக இருக்கலாம். சாயம் என்றால் விரிசல்களில் நிறம் தேங்கியிருக்கும்.

ஆறாம் படி: முத்திரை

பிரெஞ்சு முத்திரை கடுகளவு. தொங்கும் வளையத்திலும் ஊசியிலும் கொக்கியிலும் தேடுங்கள். 1797 சட்டத்துக்குப் பிறகு செய்தவர் முத்திரை சாய்சதுரச் சட்டத்துக்குள் இருக்கும், எழுத்துகளும் ஒரு குறியும் சேர்ந்து. 1838 முதல் 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை, பாரீசுக்கு வெளியே குதிரைத் தலை. சிறு வெள்ளிக்குப் பாரீசில் காட்டுப்பன்றித் தலை, மாகாணங்களில் நண்டு. 1819 முதல் 1838 வரை பாரீசில் தங்கத்துக்குச் செம்மறிக்கடாத் தலை, சிறு வெள்ளிக்கு முயல் தலை.

1893-இல் வந்த ஆந்தையும் அன்னமும் பலரை ஏமாற்றும். தங்கத்தில் ஆந்தை, வெள்ளியில் அன்னம் என்றால் இறக்குமதி என்று புத்தகம் சொல்லும். எங்கே செய்தது என்று நிரூபிக்க முடியாத பழைய நகை மீண்டும் விற்பனைக்கு வந்தபோதும் இதே முத்திரையைக் குத்தினார்கள். அதனால் ஆந்தை குத்திய பதக்கம் நார்மண்டியில் செய்ததாகவே இருக்கலாம். முத்திரையின் வயது நகையின் வயது ஆகாது.

ஆங்கிலப் புரூச்சுகளில் முத்திரையே இல்லாதிருப்பது சாதாரணம். 15 காரட் என்று பொறித்திருந்தால் 1854-க்கும் 1932-க்கும் இடைப்பட்டது, அந்தத் தரம் அந்தக் காலத்தில் மட்டுமே சட்டத்தில் இருந்தது.

முத்திரை இல்லாவிட்டால் ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்-கதிர் கருவியில் வைத்துப் பாருங்கள், நகைக்குச் சேதமில்லை. கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால் மூன்று இடத்தில் எடுங்கள்: முன்பக்கம், தேய்ந்த பின்பக்கம், வளையம். தங்கத்தோடு பாதரசத்தின் சுவடு வந்தால் தீயில் ஏற்றிய பழைய முலாம். தங்கமே இல்லாமல் செம்பும் துத்தநாகமும் மட்டும் வந்தால், தங்கம் போலத் தோன்றும் பின்ச்பெக் போன்ற கலவை. அதற்காக முகம் சுளிக்க வேண்டாம், நல்ல பழைய பின்ச்பெக்குக்குத் தனி விலை உண்டு.

ஏழாம் படி: சுத்தம் செய்வதும் வைப்பதும்

இங்கேதான் நம் ஊரில் அதிக நகைகள் சாகின்றன. தங்க நகை என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரஷ் போடுவது வீட்டுப் பழக்கம். கடையில் கொடுத்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவார்கள். ரேக்கு வைத்த சாந்தெஸ்ப்ரிக்கு இரண்டுமே கொலை. கல்லுக்கும் கட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழைச் சந்தில் தண்ணீர் தானாக ஏறி ரேக்கைக் கறுக்கவைக்கும். மறுநாள் கல் செத்த மீன் கண் போல ஆகிவிடும். திருப்ப வழியில்லை. கல்லைப் பிடுங்கி ரேக்கை மாற்றலாம், ஆனால் அந்தக் கணமே அது மாற்றிய நகை ஆகிவிடும்.

குளோஸ் செட்டிங், டர்க்காய்ஸ், முத்து, மொசைக் எல்லாவற்றுக்கும் உலர்ந்த தூரிகை மட்டும். பின்பக்க உலோகத்தைக் காதுப்பஞ்சுக் குச்சியில் வாலைநீர் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, ஈரம் போனதும் உருட்டிச் செல்லுங்கள், தேய்க்காதீர்கள். கல் இல்லாத அல்லது ஓப்பன் செட்டிங்கில் வைரம் உள்ள தங்கத்துக்கு 250 மில்லி இளஞ்சூட்டு நீரில் ஒரே சொட்டு மென்சோப்பு. எனாமலைச் சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றி மாற்றிக் காட்டினால் விரிசல் விடும். வெள்ளிப் பள்ளங்களின் கறுப்பை எடுக்காதீர்கள், இறகுக்கு ஆழம் தருவதே அந்தக் கறுப்புதான்.

வைக்கும்போது ஒன்றுக்கொன்று படாமல் தனித்தனிப் பருத்திப் பொதி. ரப்பர் பேண்டும் கம்பளித்துணியும் வேண்டாம், அவற்றின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். கடலோர ஊரில் சிலிக்கா ஜெல் பையைப் பெட்டியில் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

தந்தத்தில் செதுக்கிய புறா என்றால் வாங்கும் எண்ணத்தையே விடுங்கள், இந்தியாவில் தந்த வணிகம் சட்டவிரோதம். நூறு வயது தாண்டிய கலைப்பொருட்களுக்கு 1972 தொல்பொருள் சட்டம் உண்டு. தனி ஆள் அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதியில்லை. வெளிநாட்டு உறவுக்குப் பரிசாக அனுப்புமுன் யோசியுங்கள்.

கடைசியாக, சீட்டில் எழுதுவது

பார்த்ததையும் ஊகித்ததையும் இரண்டு வரியாகப் பிரித்து எழுதி நகையோடு வையுங்கள். உதாரணமாக: "வெள்ளி, மூன்று துண்டு, நீளம் 61 மி.மீ., எடை 14.20 கிராம். இறங்கும் புறா, அலகில் வண்ணக்கல் கொத்து, ரேக்கு வைத்த கண்ணாடிக் கற்கள், நான்கில் கறுப்புப் புள்ளி. மேல் வளையத்தில் நண்டு முத்திரை, கொத்தின் வளையம் புதிது." அடுத்த வரியில்: "நார்மண்டி சாந்தெஸ்ப்ரி போலத் தெரிகிறது. நண்டு 1838-க்குப் பிந்தியது, கற்கள் அதற்கு முந்தியவை. பழைய நகைக்கு வளையம் மாற்றியபோது முத்திரை குத்தியிருக்கலாம். கொத்து மாற்றப்பட்டிருக்கலாம்."